ரசிகர் வோட்டுக்கு ரேஸ் கார்ல பவர் குடுக்கிறது சரியா?

வெள்ளவத்தைக்காரன்:
நேற்று ராத்திரி மச்சானோட இதில பெரிய வாக்குவாதம், முடியேல்ல, அதால இங்க கொண்டு வாறன். ஃபோர்முலா ஈ எண்ட எலக்ட்ரிக் கார் ரேஸ்ல 2014ல தொடங்கின நாள் தொட்டு ஃபேன்பூஸ்ட் எண்டு ஒண்டு இருந்தது, நாங்க ஓன்லைன்ல வோட் போடுவம், கூட வோட் எடுத்த 3 டிரைவருக்கு, பிறகு அத 5 பேராக்கினாங்க, ரேஸுக்க கொஞ்ச நேரம் மேலதிக பவர் கிடைக்கும். 2022 சீசனோட நிப்பாட்டிட்டாங்க. நிப்பாட்டினது பிழை எண்டுதான் நான் சொல்லுறன். முதல் சீசன்ல சென்னை கருண் சந்தோக் மஹிந்திரா டீம்ல ஓடினவர், நான் அப்ப ஏஎல் படிச்சுக்கொண்டிருந்தனான், வீட்டில ஒரு டொங்கிள்தான், டேட்டா முடியப்போகுது எண்டு அம்மா பேசப் பேச வோட் போட்டனான். வெள்ளவத்தையில ஒரு அறைக்குள்ள இருந்துகொண்டு அந்த ரேஸுக்குள்ள நானும் ஒரு ஆள் எண்டு நினைச்ச நேரம் அது. சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்துப்போய் ரேஸ் பார்க்க எங்கட வீட்டுக் காசுக்கு ஏலுமா? இலங்கையில தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில், நுவரெலியா மஹகஸ்தோட்ட ரேஸுகளுக்கும் இப்பிடி ஒண்டக் கொண்டு வந்தா சனம் வரும், ஸ்பொன்சரும் வருவாங்க.

ஸ்பார்க்பிளக்:
தம்பி ஒங்க ஆசை புரியுது, ஆனா நான் இதுக்கு ஒத்துக்கவே மாட்டேன். நான் கொழும்பு பஞ்சிகாவத்தையில, கார் பார்ட்ஸ் கடைங்க பக்கம் வேல பாக்குறேன், சொந்த ஊரு நுவரெலியா பக்கம், ஏப்ரல் சீசன்ல மஹகஸ்தோட்ட மலையேறுற ரேஸுக்கு நாலஞ்சு தடவ ஒரு டீமோட போயிருக்கேன். கொழும்புல டியூன் பண்ணின கார்பரேட்டர அப்படியே மேல கொண்டு போனா சரிவராது, நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காத்து லேசு, பெட்ரோல் கூடிப்போயி ப்ளக் கரி புடிச்சிரும். ராவு பதினோரு மணிக்கு குளிர்ல வெரல் மரத்துப்போயிருக்கும், அதோட கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்ட சின்னதா மாத்தி, தோட்டத்து ரோட்டுல ஒரு ஓட்டம் விட்டு, ப்ளக்க கழட்டி டோர்ச் அடிச்சி பாப்போம், நுனி பால் காப்பி நெறத்துல இருந்தாத்தான் சரி, இல்லாட்டி மறுபடி கழட்டணும். இவ்வளவும் ஒரு செக்கன்ல பத்துல ஒரு பங்கு கொறையுதான்னு பாக்கத்தான். காலையில பக்கத்து காருக்கு யாரோ போன்ல பட்டன் அமத்தி பவர் குடுத்தா நாங்க முழிச்ச ராத்திரிக்கு என்ன மரியாத?

ஆறாவது கியர்:
அண்ணா, நீங்க சொல்லுற உழைப்புக்கு நான் தலை வணங்குறன், ஆனா கணக்கையும் பாருங்கோ. ஃபோர்முலா ஈயின்ட ரெண்டாம் தலைமுறை கார்ல ரேஸுக்கு பாவிக்கக்கூடிய பற்றரி சக்தி 52 கிலோவொட் மணி, ஃபேன்பூஸ்ட்டில கிடைச்சது 100 கிலோஜூல், கிட்டத்தட்ட 1,870ல ஒரு பங்கு! 2018ல அந்தக் கார் வந்தப்ப ரேஸ்ல சாதாரணமா 200 கிலோவொட், ஃபேன்பூஸ்ட்டில சில செக்கனுக்கு 250 வரைக்கும் போகும், அவ்வளவுதான். அந்த சில செக்கன்ல முந்துறதும் முந்தாம விடுறதும் டிரைவர்ட கையிலதான் இருக்கு. அதோட ரேஸ் இப்ப மட்டும் சமமாவா நடக்குது? காசுள்ள டீம் நல்ல ஆக்கள வச்சு நல்ல காரக் கட்டுது, காசில்லாத டீம் கடைசி வரிசையில நிக்குது. காசு ரிசல்ட்ட மாத்தலாம், பார்க்கிற சனம் மட்டும் தொடக்கூடாதா?

அமெரிக்காவில நாஸ்கார் எண்ட கார் ரேஸ்ல, ஓல் ஸ்டார் ரேஸுக்கு ஒரு டிரைவர ரசிகர் வோட்டிலயே உள்ள எடுப்பாங்க. 2008ல கேசி கேன் அப்பிடி வோட்டில உள்ள வந்து அந்த ரேஸையே வெண்டவர். சனம் பிழையான ஆளையா தெரிஞ்செடுத்தது?

கொட்டாஞ்சேனை13:
அக்கா அந்த 1,870ல ஒரு பங்குதான் எனக்கு பிரச்சினையே. ஃபோர்முலா ஈ முதல் சீசன் எப்படி முடிஞ்சதுன்னு பாருங்க, நெல்சன் பிக்கே ஜூனியர் 144 பொயின்ட், செபாஸ்டியன் புவேமி 143, ஒரே ஒரு பொயின்ட்ல சாம்பியன். அந்த சீசன் முழுக்க வோட்ல பவர் குடுத்திருக்காங்க. அதாலதான் பிக்கே வெண்டாருன்னு நான் சொல்லல்ல, யாராலயும் சொல்ல ஏலாது, ஆனா அதால இல்லன்னும் யாராலயும் சொல்ல ஏலாதே, நல்லா ஓடி வெண்ட மனுசனுக்கு காலம் பூரா அந்த சந்தேகம் ஒட்டிக்கிட்டே இருக்கும், அது அவருக்கு செய்ற அநியாயம்.

வோட்னா என்னன்னு எங்க வீட்ல பார்த்தாச்சு. என் சித்தப்பா மகள் ஒரு டிவி பாட்டுப் போட்டியில கடைசி ஆறு பேருக்குள்ள வந்தா. அந்தக் கிழமை எங்க ஃப்ளட்ஸ்ல எல்லாரும் ரீலோட் கார்ட் வாங்கினாங்க, சித்தி மேசையில கார்டுகள பரப்பி வச்சி ஒண்ணொண்ணா சுரண்டுறா, நகத்துக்குள்ள எல்லாம் அந்த சாம்பல் தூள், சித்தப்பா ரெண்டு போன்லயும் மாத்தி மாத்தி எஸ்எம்எஸ் அனுப்புறாரு. மத்தப் பக்கம் ஒரு புள்ளைக்கு ஊரே கமிட்டி போட்டு காசு சேர்த்திருக்கு. எங்க புள்ளை வெளிய போயிட்டா. அழுதுட்டு அவ கேட்டது ஒண்ணுதான், நான் பிழையா பாடினேனா அண்ணான்னு. என்ன பதில் சொல்ல? பிழையா பாடியிருந்தா அடுத்த முறை திருத்தலாம். வோட் குறைஞ்சதுக்கு அவ எதத் திருத்துறது?

வெள்ளவத்தைக்காரன்:
தங்கச்சிட கதை மனசக் கஷ்டப்படுத்துது, உண்மையா. ஆனா அது காசுக்கு வோட் வித்த முறையின்ட பிழை. ஒரு ஆளுக்கு ஒரு வோட் எண்டு வச்சா சரிதானே. ஃபுட்போல்ல சொந்த ஊர்க் கிரவுண்டில சனம் கத்துற சத்தத்தில டீம் எழும்பி விளையாடுதே, அத யாரும் பிழை எண்டு சொல்லுறேல்லயே.

ஸ்பார்க்பிளக்:
கத்துற சத்தம் எஞ்சினுக்குள்ள போகாது தம்பி. ஆளுக்கு ஒரு வோட்டுன்னாலும் சனம் கூடின நாட்டுக்காரனுக்குத்தான் லாபம், எங்க நாட்டுல இருந்து ஒரு புள்ள வெளிய போயி ஓடுனா நம்ம ரெண்டு கோடி சனமும் வோட் போட்டாலும் பெரிய நாட்டுக்காரன எட்டிப் புடிக்க முடியுமா?

அதே ஃபோர்முலா ஈ காரங்க 2018ல அட்டாக் மோட் கொண்டு வந்தாங்க பாருங்க, அது ஞாயம். மேலதிக பவர் வேணும்னா டிரைவர் வேகமா போகக்கூடிய நல்ல லைன விட்டு வெளிய போயி ரோட்டுல குறிச்சிருக்குற எடத்து மேல ஓட்டணும், கொஞ்ச நேரம் எழக்கணும், எப்ப போறதுன்னு அவனே முடிவெடுக்கணும். எல்லாருக்கும் ஒரே சட்டம், பாக்குறவங்களுக்கும் சுவாரசியம்.

ஃபொக்ஸ் ஹில் பத்தி சொன்னதால இதையும் சொல்றேன். 2024 ஏப்ரல் 21ம் திகதி தியத்தலாவையில கார் பாதைய விட்டு பாஞ்சி 7 பேர் செத்தாங்க. அதுல ரேஸ் வேலைக்கு நின்னவங்களும் இருந்தாங்க. எனக்கு இன்னும் அந்த வீடியோவ முழுசா பாக்க முடியல. ஸ்பொன்சர் காசு வந்தா மொதல்ல பாதுகாப்பு வேலி போடட்டும், சனத்த தள்ளி நிப்பாட்டட்டும்.

ஆறாவது கியர்:
அட்டாக் மோட் விசயத்தில நீங்க சொல்லுறது சரி அண்ணா, அத நான் யோசிக்கேல்ல. வேலி விசயம் பேச்சுக்கே இடமில்ல, அதுதான் முதல். ஆனா ரசிகர ஒரேயடியா வெளிய தள்ளாதேங்கோ. ஓல் ஸ்டார் மாதிரி சாம்பியன்ஷிப் பொயின்ட் இல்லாத ரேஸுக்கு ஆள் எடுக்கிறதில வோட் இருக்கட்டும், அதில யாருக்கும் நட்டமில்ல. ஃபோர்முலா வண்ல 2016ல இருந்து ட்ரைவர் ஒஃப் த டே எண்டு வோட் வைக்கிறாங்க, ரிசல்ட்ட தொடாது, எண்டாலும் வேலையால வந்து ராத்திரி ரேஸ் பார்த்து அந்த வோட்டப் போடுறதில எனக்கு உண்மையான சந்தோஷம் இருக்கு.

கொட்டாஞ்சேனை13:
அதுக்கு நானும் ஓகே அக்கா. ரிசல்ட்ட மட்டும் தொடவேணாம். நான் அஜித் வெறியன், இங்க எல்லாருக்கும் தெரியும். 2025 ஜனவரியில டுபாய் 24 மணித்தியால ரேஸ்ல அவர்ட டீம் 992 எண்ட போர்ஷே கார் பிரிவுல 3ம் இடம் வந்தப்ப நானும் கூட்டாளிமாரும் கத்தி, பக்கத்து வீட்டு அன்ட்டி கதவத் தட்டினாங்க. அந்த ரேஸ்ல வோட் இருந்திருந்தா உலகத்துல இருக்கிற தமிழ் ஆக்கள் எல்லாம் சேர்ந்து அவருக்கு அள்ளிப் போட்டிருப்போம், நான் பத்து ஐடியில போட்டிருப்பேன். பிறகு அந்த 3ம் இடத்த ஒருத்தனும் மதிச்சிருக்க மாட்டான். அவருக்கு நான் அதச் செய்ய விரும்பல.

வெள்ளவத்தைக்காரன்:
அஜித் கதையில என்னை மடக்கிட்டாய் மச்சான், அதுக்கு இப்ப என்னட்ட பதில் இல்ல. ஆனாலும் 2014ல அந்த டொங்கிளோட இருந்த பெடியனுக்கு அந்த வோட் இல்லாட்டி ரேஸ் பார்க்கிற பழக்கமே வந்திராது, அந்த நன்றியில நான் என்ர பக்கத்திலதான் நிக்கிறன். ஸ்பார்க்பிளக் அண்ணா, அடுத்த ஏப்ரல் உங்கட டீம் மஹகஸ்தோட்டக்கு போகுதெண்டா ஒரு சொல்லு சொல்லுங்கோ. ராத்திரி ப்ளக் பார்க்கேக்க டோர்ச் பிடிக்க நான் வாறன்.