பால் வற்றிய பசுவைக் குரு என்று நினைப்பது தவறா?

தொழுவத்துவீடு கேட்கிறார்:
எங்கள் வீட்டுச் செவலைக்குப் பதினாறு வயது. ஏழு ஈற்று ஈன்றவள். நான்கு வருடமாகப் பால் இல்லை. போன வாரம் தரகர் வந்து விலை பேசிவிட்டுப் போனார். "கொடுத்துவிடலாம் அம்மா" என்கிறான் மகன். அடிமாடாகத்தான் போவாள் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஏழு வருடத்துக்கு முன்பு என் கணவர் இறந்தார். அதுவரை அவர் கை பட்டால்தான் இவளுக்குப் பால் இறங்கும். மறுநாள் விடியற்காலையில் செம்போடு போய் உட்கார்ந்தேன். எனக்குக் கறந்து பழக்கமில்லை. காம்பை வலிக்க வைத்திருப்பேன். ஆனாலும் அவள் காலைத் தூக்கவில்லை. இரண்டு நாள் கன்று குடித்ததுதான். மூன்றாம் நாள் அவள் விலாவில் தலை சாய்த்து அழுதுவிட்டேன். அப்போது பால் இறங்கியது.

அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்குக் குரல் கொடுப்பாள். எழுந்திருக்கவே பிடிக்காத நாட்களிலும் எழுந்தேன். அந்த நாட்களில் எனக்கு வழி காட்டியவள் அவள்தான் என்று சொன்னால், "மாட்டைப் போய்க் குரு என்பதா?" என்று உறவினர் கடிந்துகொள்கிறார். பெரியவர்கள் யாராவது இப்படி நினைத்ததுண்டா?

கிரிவலம்:
உண்டு அம்மா. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போனால் லட்சுமியின் சமாதியைப் பாருங்கள். லட்சுமி ஒரு பசு. 1926-ல் கன்றாக வந்தாள். அப்போது ஆசிரமத்தில் மாடு வைத்துக்கொள்ள வசதியில்லை. ஊருக்குள் ஒருவர் வீட்டில் வளர்ந்தாள். ஒருமுறை ஆசிரமத்துக்கு அழைத்துவந்தார்கள். பிறகு தானாகவே தினமும் காலையில் வந்து, சாயங்காலம் வீடு திரும்பினாள். வழி காட்ட யாரும் கூட வரவில்லை.

ரமணர் விலங்குகளை "அது" என்று சொல்ல மாட்டார், அவன், அவள்தான். 1948 ஜூன் 18-ம் தேதி லட்சுமி கிடையில் விழுந்து கிடந்தபோது, தொழுவத்துக்குப் போய் அருகில் உட்கார்ந்து, அவள் தலையைக் கைகளில் ஏந்திக்கொண்டார். 1922-ல் தம் தாயார் அழகம்மாளின் கடைசி நேரத்திலும் அவர் இப்படித்தான் கை வைத்துப் பக்கத்தில் இருந்தார். லட்சுமி முக்தி அடைந்தாள் என்று நாள், நட்சத்திரத்தோடு தாமே வெண்பா எழுதினார். அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய் ஆகியவற்றின் சமாதிகளும் இருக்கின்றன. நான் முதன்முதலில் அங்கே நின்றபோது என் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

மேட்டுத்தெரு:
அக்கா, குரு என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம், நெற்றிக்குப் பொட்டு, கற்பூரம் எல்லாம் உண்டு. அடுத்த சித்திரை வெயிலில் அதே மாடு நிழலில்லாமல் கட்டிக் கிடந்தது. தண்ணீர் காட்ட ஆளில்லை. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். தெய்வம் என்று கும்பிடுவதைவிட, பக்கத்தில் இருந்து பார்ப்பது கடினம். பாகவதத்தில் இருபத்து நான்கு குருக்களைச் சொல்லும் அவதூதர் என்ற துறவி மலைப்பாம்பையும் மீனையும் தேனீயையும் உற்றுப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். நீங்கள் அந்த மூன்று நாளும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

பழைய கால்நடை ஊழியன்:
அம்மா, வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் சிலவற்றைக் கவனியுங்கள். இந்த வயதில் பல் தேய்ந்திருக்கும். வைக்கோலைப் பொடியாக நறுக்கி, நனைத்துப் போடுங்கள். பாசத்தில் சோறும் பொங்கலும் நிறையக் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் புளித்து உயிருக்கே ஆபத்தாகும். சிமென்ட் தரையில் படுக்க விடாமல் மணல் பரப்புங்கள். எழ முடியாமல் படுத்துவிட்டால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும், ஒரே பக்கம் கிடந்தால் கால் மரத்துவிடும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். மகனையும் கூப்பிடுங்கள்.

தொழுவத்துவீடு:
எல்லோருக்கும் நன்றி. லட்சுமியைப் பற்றி எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். இன்று காலை தரகருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். மத்தியானம் ஒரு வண்டி மணல் வந்து இறங்கியது. இப்போது அவன்தான் தொழுவத்தில் பரப்பிக்கொண்டிருக்கிறான். செவலை அவன் முதுகை நக்கிக்கொண்டு நிற்கிறாள்.