சதுப்பைக் காக்க யாருடைய நிலத்தில் கோடு போடுவது?

ஓடைக்கரை:
கோத்தகிரிப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரின் தன்னார்வச் சூழல் குழு, அடுத்த மூன்று ஆண்டுக்கான வரைவுத் திட்டத்தை எழுதி முடித்திருக்கிறது. நானும் குழுவில் ஒருவன். முக்கியமான வேலைகள் மூன்று. ஊருக்குக் கீழே இருக்கும் சதுப்புக்கு வேலி போட்டு மீட்பது. அதற்கு மேலே சரிவில் மண்டிக் கிடக்கும் சீகை (வாட்டில் என்ற அயல்நாட்டு மரம்) மரங்களை அகற்றிச் சோலைக் கன்றுகள், அதாவது இந்த மலையின் இயற்கைக் காட்டு மரக் கன்றுகள், நடுவது. ஓடையின் இரு கரையிலும் 15 மீட்டர் அகலத்துக்குச் சாகுபடி இல்லாமல் விடுவது. உள்ளாட்சியிடம் கொடுப்பதற்கு முன் ஊரார் கருத்து வேண்டும். போன கோடையில் குழாயடியில் எத்தனை நாள் காத்துக் கிடந்தோம் என்பதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நாலு பாத்தி:
நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் 15 மீட்டரில் என் கேரட் நிற்கிறது. தாத்தா காலத்துப் பட்டா, மொத்தமே அரை ஏக்கர், ஓடை நடுவில் போகிறது. இரண்டு பக்கமும் விட்டுவிட்டால் எனக்கு மிஞ்சுவது வரப்பும் ஸ்பிரிங்ளர் குழாயும்தான். மேட்டில் இருந்த தேயிலைக்கு விலை இல்லை என்றுதான் அப்பா தாழ்வில் காய்கறி போட்டார். நடுராத்திரியில் பிடுங்கி, கழுவி, விடியும் முன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றுகிறவன் நான். வரைவு எழுதிய பதினொரு பேரில் ஒருவராவது என் பாத்தியில் கால் வைத்ததுண்டா?

ஓடைக்கரை:
அண்ணா, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பம் உள்ளவர்கள் விட்டால் போதும்.

பழைய சங்கிலி:
தம்பி, வரைவை மறுபடி வாசியுங்கள். நான்காம் பக்கத்தில் "விட வேண்டும்" என்றுதான் இருக்கிறது. "விரும்பினால் விடலாம்" என்று எங்கும் இல்லை. முப்பது வருடம் நிலம் அளந்தவன் நான்; ஒரு சொல்லில் எத்தனை வழக்கு முளைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது அதிகாரம். சட்டத்தில் இடம் உள்ள குழு வேறு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், 41ஆம் பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. 2004இல் வந்த விதிகளில் தலைவரைத் தவிர ஆறு பேருக்கு மேல் போகக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் என்று கணக்கு இருந்தது. ஊர்மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அந்தக் குழுவின் தலையாய வேலை. உங்கள் குழுவிலோ பதினொரு பேர், பெண் ஒருவர். பதிவேடு எங்கே என்று கேட்டால் கைபேசியில் குருவிப் படம் காட்டுகிறீர்கள். படம் அழகாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

இன்னொன்று. 15 மீட்டர் எங்கிருந்து? ஓடையின் நடுவிலிருந்தா, கோடைக் கரையிலிருந்தா, நவம்பர் வெள்ளம் தொட்ட விளிம்பிலிருந்தா? மூன்றுக்கும் மூன்று வரைபடம் வரும்.

ஓடைக்கரை:
நான்காம் பக்கம் எங்கள் தவறு, திருத்துகிறோம். குழுவுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது என்பதும் உண்மை. ஆனால் அதிகாரம் இல்லாதவர்கள் வேலை செய்யக் கூடாதா? கோத்தகிரி லாங்வுட் சோலையைப் பாருங்கள். 116 ஹெக்டேர் காடு. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தேய்ந்துகொண்டிருந்த இடத்தை வனத்துறையோடு சேர்ந்து உள்ளூர்த் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் காவல் காத்தார்கள். 2024இல் அது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அவர்கள் யாருடைய ஆணைக்கும் காத்திருக்கவில்லை.

சதுப்பு வெறும் சேறு அன்று. அதன் கரிமண், அதாவது செடிகள் அரைகுறையாக மக்கிச் சேர்ந்த மண், மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற மாதங்களிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்த மண் சேர எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா சதுப்பின் கரிமண்ணை எடுத்து 20,000 ஆண்டுக்கு முந்தைய தட்பவெப்பத்தையே ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் வடிகால் வெட்டி ஒரு பருவத்தில் அதைக் காயவைத்துவிடுகிறோம். 2009 நவம்பர் 10 நினைவிருக்கிறதா? கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவ்வளவு மழையை எந்தச் சதுப்பாலும் தாங்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் போக இடமே விடாமல் ஓடையின் விளிம்புவரை உழுது வைத்தால் சிறு மழைக்கே மண் போகும்.

நாலு பாத்தி:
அன்று என் பெரியப்பா வீட்டுச் சுவர் விழுந்தது. எனக்கு நினைவூட்ட வேண்டாம்.

புல்வெளி:
மீட்பது பற்றி எனக்கும் ஆசைதான்; ஆனால் இரண்டாவது வேலையைப் படித்ததும் வயிறு கலங்கியது. சீகையை வெட்டிவிட்டு மறுநாளே குழி தோண்டிக் கன்று நடுவீர்களா? சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே வெளிச்சம் பட்டால், அதிலும் தீப்பட்டால், கம்பளம் விரித்ததுபோல் முளைக்கும். ஆண்டுதோறும் கையால் பிடுங்க ஆள் இருக்கிறதா? அதற்கு வரைவில் ஒரு வரிகூட இல்லை. கன்று நடுவிழாவுக்கு மட்டும் ஒரு பக்கம் இருக்கிறது!

அதைவிடப் பெரிய பிழை, எல்லாச் சரிவும் ஒரு காலத்தில் காடாக இருந்தது என்று நினைப்பது. இந்த மலையில் சோலை மடிப்புகளிலும் பள்ளங்களிலும் இருந்தது; மேட்டுச் சரிவுகள் பெரும்பாலும் புல்வெளி. அந்தப் புல்வெளியைத் "தரிசு" என்று எழுதித்தான் வெள்ளைக்காரர்கள் சீகையையும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். தோல் பதனிடச் சீகைப் பட்டை, அடுப்புக்கு விறகு. சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழாகக்கூடப் போயிற்று. இப்போது நாம் அதே சரிவில் சோலைக் கன்று நட்டால் மரம் மாறும், பிழை மாறாது. ஓடை மடிப்பில் மட்டும் நடுங்கள். அங்கேயும் முதலில் சீகை நிழலுக்கு அடியில் பாருங்கள். பழனி மலையில் பழைய தோப்புகளுக்குள்ளேயே சோலை மரங்கள் தாமாக முளைத்து வந்திருக்கின்றன. அப்படி முளைத்ததை மிதித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் குழி தோண்டுவது நம் வழக்கம்.

விறகுக்கட்டு:
சீகை நல்லதா கெட்டதா என்று பெரியவர்கள் பேசுகிறீர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் குளிக்க வெந்நீர் வைப்பது அந்தச் சீகையில்தான். சிலிண்டர் சமையலுக்கே மாதக் கடைசியில் இழுக்கிறது. அம்மா தேயிலை பறித்துவிட்டு வரும்போது ஒரு கட்டு கொண்டுவருவார். ஒரேயடியாக வெட்டி லாரியில் ஏற்றிவிட்டால் ஜூலைக் குளிரில் நாங்கள் எதை எரிப்பது?

வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் புதருக்குள் கரடி படுத்திருக்கிறதோ என்று பயந்துகொண்டே போகிறவர்கள் நாங்கள். பத்தில் ஒரு பங்காக ஆண்டுதோறும் வெட்டுங்கள், விழுந்த கிளையை லயத்துக்கு விடுங்கள், நாற்றைப் பிடுங்க எங்களையே கூலிக்கு வையுங்கள். விதை முளைத்தால் பிடுங்க ஆள் எங்கே என்று ஒருவர் கேட்டார். ஆள் இருக்கிறது, கூலிக்குத்தான் வரைவில் இடம் இல்லை.

வேலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயங்காலம் காட்டு மாடுகள் தண்ணீர் குடிப்பது அந்தச் சதுப்பில். வேலி போட்டால் அவை லயத்துத் தொட்டிக்கு வரும். நாங்கள் குடத்தோடு நிற்கும் இடம் அது.

பழைய சங்கிலி:
இந்தப் பெண் சொன்னதைக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும்: மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அரிவாள் எடுக்காதீர்கள், நல்ல எண்ணத்தோடு எடுத்தாலும் வழக்கு வழக்குதான்.

மாடிவீடு:
நான் திட்டத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இ-பாஸ் அனுமதி வேண்டும் என்று வந்ததிலிருந்து விருந்தினர் வருகை எனக்குக் குறைந்துவிட்டது. வருகிறவர்களும் பச்சையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நீலத் தார்ப்பாயையும் பூச்சிமருந்து வாடையையும் பார்க்க அன்று. கேரட் கழுவிய சேற்று நீர் ஓடையில் கலப்பதை முதலில் நிறுத்துங்கள். ஊர் நன்மைக்குச் சிலர் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நாலு பாத்தி:
"சிலர்" என்றால் நான். சரி, பேசுவோம்.

கேரட் கழுவும் நீர் ஓடையில் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு தொட்டி கட்டிச் சேறு படியவைத்து விடலாம், பாதிச் செலவுக்கு உதவி கிடைத்தால் நாளைக்கே கட்டுகிறேன். மருந்து அடிப்பதும் உண்மை. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: உங்கள் காட்டேஜின் செப்டிக் டேங்க் நிரம்பினால் எங்கே வழிகிறது? என் மேல் பாத்திக்கு எதிரே, ஓடையிலிருந்து பத்தடியில். ஏப்ரலில் அந்த இடத்தில் நின்று பாருங்கள், மூக்கு சொல்லும். கரையோரம் காட்டேஜ்கள் நான் எண்ணியவரை ஏழு. வரைவில் "சாகுபடி" என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. "கட்டடம்" ஓரிடத்திலாவது வருகிறதா என்று தேடினேன். இல்லை.

மாடிவீடு:
என் கட்டடத்துக்கு முறையான அனுமதி இருக்கிறது.

நாலு பாத்தி:
என் பட்டாவுக்கும் இருக்கிறது.

புல்வெளி:
ஓடைக்கரை, இதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். "கட்டடம்" ஏன் இல்லை?

ஓடைக்கரை:
இரண்டு நாள் தாமதமாக எழுதுகிறேன், குழுவில் கேட்டுவிட்டு வந்தேன். முதல் வரைவில் அந்தச் சொல் இருந்தது. பிறகு எடுக்கப்பட்டது. குழுவில் இருவருக்குக் கரையில் காட்டேஜ் உண்டு. பேச்சு அங்கே வந்ததும் "இது வேறு துறை விவகாரம்" என்று முடித்துவிட்டோம். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது வேலையை வரைவிலிருந்து இப்போதைக்கு எடுக்கிறோம். வேலியும் இல்லை, வடிகால்களைத் தடுத்து நீர்மட்டத்தை உயர்த்துவது மட்டும், அதுவும் புறம்போக்கில் உள்ள பகுதியில். சீகை, பத்தில் ஒரு பங்காக, அனுமதி வாங்கிய பிறகு. பிடுங்கும் கூலியைச் சேர்த்துப் புதுக் கணக்குப் போடுகிறோம். கரையின் இருபுறமும் பாத்தி, கட்டடம், கழிவுத் தொட்டி எல்லாவற்றையும் அளந்து ஒரே வரைபடத்தில் குறித்த பிறகு 15 மீட்டரைப் பற்றிப் பேசலாம்.

மாடிவீடு:
அளப்பதற்கு என் வேலிக்குள் வர வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

பழைய சங்கிலி:
கேட்போம். வெள்ள விளிம்பிலிருந்து அளக்கலாம் என்பது என் கட்சி. நவம்பர் மழை முடிந்ததும் பாறையில் கோடு தெரியும், யாரும் தகராறு செய்ய முடியாது. சங்கிலி வீட்டில் இருக்கிறது, துரு தட்ட வேண்டும்.

நாலு பாத்தி:
வருகிறேன். ஆனால் ஒன்று: சங்கிலியின் ஒரு முனையை நான் பிடிப்பேன். முதல் அளவு என் பாத்தியில் வேண்டாம், மேலிருந்து தொடங்குவோம்.