சுழற்சிப் பணியில் இருப்பவர் நாள்தோறும் படிக்கும் பழக்கத்தை எப்படி நிலைநிறுத்திக்கொள்வது?

கேள்வி: வைகைக்கரை

வணக்கம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். பள்ளிநாளில் படித்த செம்புலப்பெயனீரார் பாடல் இன்றுவரை மனத்தில் தங்கியிருப்பதால், குறுந்தொகை முழுவதையும் படித்துவிட வேண்டும், உரையைப் பார்க்காமலே ஒரு பழம்பாடலைப் புரிந்துகொள்ளும் நிலைக்கு என்றாவது வர வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருக்கிறது. விடுமுறை நாளில் உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து பாடல்கள் ஓடிவிடுகின்றன. அடுத்த வாரம் இரவுப் பணி வந்துவிட்டால் புத்தகம் மூடியபடியே கிடக்கிறது. மறுபடி எடுக்கும்போது படித்தவையும் மறந்துபோகின்றன. பழக்கம் பற்றி அறிவுரை சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்' என்கிறார்கள். காலை, பிற்பகல், இரவு என்று வாரத்துக்கு வாரம் பணிநேரம் மாறுகிற எங்களுக்கு அப்படி ஒரு நேரமே வாய்ப்பதில்லை. இத்தகைய வாழ்க்கையில் ஒரு சிறு பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றியவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பழைய தமிழாசிரியர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நேரத்தை விட்டுவிடுங்கள், எந்தப் பணிநேரமானாலும் தவறாமல் நடக்கிற ஒரு செயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பணி முடிந்து வீடு வந்து, சீருடையை மாற்றி, முகம் கழுவுவது காலை எட்டு மணிக்கும் நடக்கும், இரவு ஒன்பது மணிக்கும் நடக்கும். அது முடிந்தவுடன் ஒரு பாடல் என்று வைத்துக்கொண்டால், கடிகாரம் எதைக் காட்டினாலும் கவலையில்லை. புத்தகம் அலமாரியில் இருக்கக் கூடாது. முகம் துடைக்கிற துண்டு தொங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, அளவைப் பற்றியது. விடுமுறை நாளின் உற்சாகத்தில் அளவை முடிவு செய்தால் அது விடுமுறை நாளுக்கு மட்டுமே பொருந்தும். தொடர்ந்து நான்காவது இரவுப் பணி முடித்து, கண் எரிச்சலோடு வீடு திரும்பும் நாளை மனத்தில் வைத்து, அன்றைக்கும் முடிகிற அளவு எதுவோ அதையே உங்கள் அன்றாட அளவாக வைத்துக்கொள்ளுங்கள். குறுந்தொகை இதற்கென்றே அமைந்த நூல் என்பேன். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள்; நான்கடி முதல் எட்டடி வரைதான், 307, 391 ஆகிய இரண்டு மட்டும் ஒன்பதடி. நாளுக்கு ஒன்று என்றால் பதின்மூன்று மாதங்களுக்குச் சற்றுமேல் ஆகும். அதிகம் போலத் தோன்றலாம்; ஆனால் உங்கள் நோக்கம் முடிப்பது மட்டுமில்லையே, உரையில்லாமல் புரிந்துகொள்ளும் நிலைக்கு வருவதும்தானே?

அந்தப் பயிற்சி எப்படி உண்டாகிறது என்பதை ஒரே பாடலில் காட்டுகிறேன். 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்தி, தாளிப்பின் புகை கண்ணில் நிறைய, புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் 'இனிது' என்று சொல்லி உண்ண, அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. இதில் 'கழாஅது', 'உடீஇ' என்று இரண்டு சொற்கள் வரும். முதல் முறை உரையைப் பார்த்துத்தான் 'கழுவாமல்', 'உடுத்தி' என்று அறிவீர்கள். சில வாரங்களில் 'தழீஇ' (தழுவி) வரும், பிறகு 'குழீஇ' (கூடி) வரும். நாள்தோறும் படிக்கிறவருக்கு முந்தையது மறப்பதற்குள் அடுத்தது வந்துவிடுவதால், இலக்கணம் யாரும் சொல்லாமலே பிடிபடுகிறது. மாதம் ஒருமுறை நாற்பது பாடல்கள் படிக்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச்சொல்லாகவே நிற்கும். என் மாணவர்களிடம் இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகவே கண்டிருக்கிறேன்.

மறுமொழி: உளவியல் மாணவி

ஐயா சொன்ன முறைக்கு ஆய்வின் துணையும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் இதழில் அச்சானது. உணவு, பானம், உடற்பயிற்சி சார்ந்த ஒரு செயலை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்து, 'காலை உணவுக்குப் பிறகு' என்பதுபோல அன்றாடம் நிகழும் ஒன்றோடு இணைத்து, பன்னிரண்டு வாரங்கள் செய்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலை வர எடுத்த காலத்தின் நடு அளவு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணித்தார்கள். எங்கும் கேட்கிற '21 நாள்' கணக்குக்குப் பழக்கம் பற்றிய ஆய்வு எதுவும் அடிப்படையாக இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ அவ்வளவு நாளாகிறது என்று 1960இல் எழுதியதிலிருந்து அது பரவியது. எனவே ஒரு மாதம் கழித்தும் புத்தகத்தை எடுக்க மனத்தைத் தள்ள வேண்டியிருந்தால், உங்களால் ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உங்களுக்கு மிகவும் வேண்டிய செய்தி வேறொன்று. ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை என்பதையும் அந்த ஆய்வு கண்டது. அவசரப் பிரிவில் கூடுதல் நேரம் நின்றுவிட்டு வந்து அப்படியே உறங்கிவிட்டால், மறுநாள் இரண்டு பாடல்களாகச் சேர்த்துப் படித்துக் கடன் தீர்க்க வேண்டாம். ஒன்றே போதும்.

மறுமொழி: புதுவைவாசி

படிப்பதோடு ஒரு வரி எழுதவும் செய்யுங்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை எழுதினார். வணிகர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். ஓய்வு மிகுந்த வாழ்க்கையாக அது இருந்திருக்க முடியாது. இலக்கியம் படைக்கிறோம் என்ற எண்ணமில்லாமல், கப்பல் வந்தது, இன்னார் இன்னது சொன்னார் என்று அன்றாடப் பேச்சுத் தமிழில் எழுதிவைத்தது இன்று பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை அறிய ஒப்பற்ற ஆவணமாக நிற்கிறது. அவ்வளவு எழுத வேண்டியதில்லை. பாடல் எண், புதிதாகத் தெரிந்த ஒரு சொல், அதன் பொருள். இவை ஒரு வரியில் அடங்கும்.

ஆனால் ஆசிரியர் ஐயாவிடம் ஒன்றில் மாறுபடுகிறேன். சிறிய அளவு பழக்கத்தைக் காப்பாற்றும். ஆழ்ந்த படிப்புக்கு அது மட்டும் போதாது. குறிஞ்சி, முல்லை போன்ற திணையும், இயற்கைக் காட்சிக்குள் மறைத்துச் சொல்லும் பொருளாகிய உள்ளுறையும் ஐந்து நிமிடத்தில் விளங்குவதில்லை. வார விடுப்பில் ஒரு மணிநேரமாவது உரையோடு உட்கார வேண்டும்.

வைகைக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சீருடை மாற்றியவுடன் என்பது எனக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் வார விடுப்பு நாளில் சீருடையே இல்லையே, அன்று எதோடு இணைப்பது? எந்த உரையை வைத்துக்கொள்வது?

பழைய தமிழாசிரியர்

புதுவை நண்பர் சொன்னதை ஏற்கிறேன். விடுப்பு நாளில் அந்த நீண்ட படிப்பே அன்றைய பாடலுமாகட்டும். காலைக் காப்பி குடித்த கையோடு உட்காருங்கள், பிற்பகலுக்குத் தள்ளினால் வீட்டு வேலை விழுங்கிவிடும். உரைக்கு உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். பதவுரையோடு, அதே சொல்லும் கருத்தும் வேறு எந்தெந்தப் பாடல்களில் வருகின்றன என்று காட்டும் ஒப்புமைப் பகுதியும் அதில் உண்டு. பணிநாளில் பாடலை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பதவுரையை மட்டும் பாருங்கள். ஒப்புமைப் பகுதியை விடுப்பு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.