புதுப்பிப்பு: எம்சிபி டெர்மினல் சூடாவது – டார்க் ஸ்க்ரூடிரைவர் தேவையா?

ஏசி ஓடும்போது டிபி பாக்ஸில் (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டி) 20 ஆம்பியர் எம்சிபி (லோடு அதிகமானா தானே அணையும் சுவிட்ச்) வயர் மாட்டுற டெர்மினலில் சூடாகி கருகல் வாடை வருது, அதன் திருகுக்குக் கை முறுக்கு போதுமா, டார்க் ஸ்க்ரூடிரைவர் (வெச்ச முறுக்கு அளவு வந்ததும் கிளிக் சத்தம் கொடுக்கிறது) வேணுமான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சரியாயிடுச்சு.

கைகொடுத்தது, "எம்சிபி பக்கவாட்டில் அச்சடிச்சிருக்கிற முறுக்கு அளவைப் பாருங்க" என்ற யோசனைதான். எங்களுடையதில் 2 நியூட்டன் மீட்டர். மெயினை அணைச்சு, மல்டிமீட்டரில் கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, இரவல் வாங்கின டார்க் ஸ்க்ரூடிரைவரை அந்த அளவுக்கு வெச்சு முறுக்கினா, கிளிக் சத்தம் வர்றதுக்குள்ள திருகு கிட்டத்தட்ட அரை சுற்று உள்ளே போச்சு. அவ்வளவு லூஸ். டெர்மினல் வாய் ஏற்கெனவே கருகியிருந்ததால எம்சிபியையே மாத்தி, வயர் நுனியை வெட்டிப் புதுசா சீவி, அதே அளவில் முறுக்கினோம்.

எதிர்பார்க்காத விஷயம் நியூட்ரல் லிங்கில் (நியூட்ரல் வயர்களெல்லாம் சேரும் உலோகப் பட்டை) இருந்தது. அங்கே யாரோ பலம் காட்டி அளவுக்கு மீறி முறுக்கியிருக்காங்க. 4 சதுர மில்லிமீட்டர் வயரில் பல இழைகள் திருகுக்கடியில் நசுங்கி அறுந்து கிடந்தது. அதை வெட்டி, பின் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) அடிச்சு மாட்டினோம். இனி நான் எல்லா மல்டி ஸ்ட்ராண்ட் (பல இழை) வயருக்கும் லக் கேட்பேன்.

அமெரிக்காவின் மின் வேலை விதித்தொகுப்பான என்இசியின் 2017 பதிப்பில், முறுக்கு அளவு குறிச்சிருக்கிற சாதனத்துக்கு, தயாரிப்பாளர் வேறு வழி சொல்லாதவரை, அளவு சரிபார்த்த டார்க் கருவி கட்டாயம்னு இருந்தது; 2020 பதிப்பில் அது, அந்த அளவை எட்ட அங்கீகரிச்ச வழி ஒண்ணைப் பயன்படுத்தணும்னு மாறிச்சு. எங்க எலக்ட்ரீஷியன் டார்க் ஸ்க்ரூடிரைவரை அன்னைக்குத்தான் முதல்முறை கையில் எடுத்தார். இப்ப சொந்தமா ஒண்ணு வாங்க விலை விசாரிச்சிட்டிருக்கார்.