மறு: போஸ்ட் எக்ஸெர்ஷனல் மலேய்ஸ் – தமிழில்?

நண்பர்களே,

'போஸ்ட் எக்ஸெர்ஷனல் மலேய்ஸ்' (post-exertional malaise) என்ற மருத்துவச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை:

> 'உழைப்புச் சோர்வு' என்று வைத்துக்கொள்ளலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் அது வேறொன்றைச் சொல்கிறது. நாள் முழுக்கக் களை பறித்தவருக்கு வருவது உழைப்புச் சோர்வு. படுத்து எழுந்தால் போய்விடும். நாம் பேசுவது கோவிட் வந்து மாதக்கணக்காகியும் தேறாதவர்களை, அதாவது நெடுங்கோவிட் நோயாளிகளைப் பற்றி. தலைக்குக் குளித்தது, அரை மணி நேரம் போனில் பேசியது, இவ்வளவே போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தொண்டை வலி, உடம்பு வலி, மூளை மந்தம் எல்லாம் சேர்ந்து அடித்துப் போடும். சிலருக்கு வாரக்கணக்கில் நீளும்.

ஆகவே 'சோர்வு' வேண்டாம். 'உழைப்பு'ம் இடிக்கிறது, உட்கார்ந்து படிப்பதுகூட இதைக் கிளப்பிவிடும். 'முயல்வுப் பின்நலிவு' எப்படி? புணர்ச்சிப்படி 'பின்னலிவு' என்றாக வேண்டும். ஆனால் படிப்பவர் கண் சடைப் பின்னலுக்குப் போய்விடும். பிரித்தே எழுதுவோம், இலக்கணப் புலிகள் பொறுத்தருள்க.

'பின்' என்பதை மட்டும் விட்டுவிடக்கூடாது. பயிற்சி அறையில் நோயாளி நன்றாகவே சைக்கிள் மிதிப்பார். 'அடுத்த வாரம் அஞ்சு நிமிஷம் கூட்டிக்கலாம்' என்பார் இயன்முறை மருத்துவர். மறுநாள் அந்த ஆள் வீட்டில் எழ முடியாமல் கிடப்பது அவர் கண்ணில் படாது. இதே நலிவு வருகிற நாட்பட்ட களைப்பு நோய்க்கு இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் (NICE) வெளியிடும் வழிகாட்டி, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை 2021இல் கைவிட்டது. 2024இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் நெடுங்கோவிட் நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்கவிட்டு, அதற்கு முன்னும் மறுநாளும் தொடைத் தசையில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த பிறகு, செல்லுக்கு ஆற்றல் தரும் இழைமணிகளின் செயல்திறன் இன்னும் குறைந்திருந்தது, தசைச் சிதைவும் கூடியிருந்தது. (இழைமணி இலங்கைப் பாடநூல் சொல். மைட்டோகாண்ட்ரியாவை விட எனக்கு இதுவே பிடிக்கும்.)

அப்புறம் 'பேசிங்' (pacing) என்ற சொல். இருக்கிற தெம்புக்குள் வேலையைப் பிரித்துச் செய்து, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுப்பது. போன மடலில் வந்த 'வேகக் கட்டுப்பாடு' நெடுஞ்சாலைப் பலகை மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். 'அளவியக்கம்' என்கிறேன். 'ஓய்வு' என்று மட்டும் போட்டால் படுத்தே கிடக்கச் சொன்னதாக வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்.

குழுவில் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறீர்களே, நோயாளியிடம் இதை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? அந்தப் பேச்சுச் சொல் நன்றாக இருந்தால் என் இரண்டையும் தள்ளிவிடலாம்.

அன்புடன்