வீடியோவுக்குப் பழைய மேனுவல் லென்ஸ்கள்: 25,000 ரூபாய்க்குள் எதை எடுக்கலாம்?

தறிமேடை:

வணக்கம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பவை சோனி ஆல்ஃபா 6400 கேமராவும் அதனுடன் வந்த 16-50 கிட் லென்ஸும் மட்டுமே. தறி போட்டிருக்கும் அறைகளில் ஒரு சன்னலும் ஒரு டியூப் லைட்டும் தவிர வேறு வெளிச்சம் இருப்பதில்லை. கிட் லென்ஸை 50 மி.மீ.க்குக் கொண்டுபோனால் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடுவதால், ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறனை) உயர்த்தி, படம் முழுவதும் புள்ளி புள்ளியாக வருவதைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலும், பாவு நூலிலிருந்து நெசவாளரின் முகத்துக்கு ஃபோகஸை மெல்ல நகர்த்த முயன்றால், அந்த லென்ஸின் வளையம் மின்னணு முறையில் இயங்குவதால் ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் போய் நிற்கிறது.

பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கும் என்று பலர் சொல்கிறார்கள். அடாப்டர், ஃபில்டர் உட்பட 25,000 ரூபாய் வரை செலவிட முடியும். ஹீலியோஸ், டகுமார், கேனான் எஃப்.டி., நிக்கான் ஆகிய பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று லென்ஸ்கள் வாங்கலாம் என்பது என் எண்ணம். எவற்றை வாங்குவது, வாங்கும்போது எதைச் சோதிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையகண்ணாடி:

வணக்கம். முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் கேமராவின் இ மவுண்டில் (லென்ஸைப் பொருத்தும் வாயில்) சென்சாருக்கும் மவுண்டுக்கும் இடையிலான தூரம் 18 மி.மீ. மட்டுமே. பழைய எஸ்.எல்.ஆர். ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் அனைத்தும் இதைவிட அதிகத் தூரத்துக்காக வடிவமைக்கப்பட்டவை: எம்42 திருகு மவுண்டுக்கு 45.46, கேனான் எஃப்.டி.க்கு 42, நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. இடையில் உள்ள தூரத்தை ஒரு வெற்று உலோகக் குழாய் நிரப்பிவிடும் என்பதால், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத மலிவான அடாப்டரே போதும். ஆகவே நீங்கள் சொன்ன எல்லாப் பெயர்களும் உங்களுக்குப் பொருந்தும். எதை எடுப்பது என்பதை மவுண்டை வைத்து முடிவு செய்யத் தேவையில்லை.

இணையத்தில் இந்த லென்ஸ்களைப் பற்றிக் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை புகைப்படக்காரர்கள் எழுதியவை. அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத குறைகள் சில வீடியோவைக் கெடுத்துவிடும். அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் குறைகள் சில நமக்கு ஒரு பொருட்டே இல்லை. உதாரணமாக, அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் படிந்திருந்தால் புகைப்படக்காரர் அந்த லென்ஸைத் தொடமாட்டார், ஏனென்றால் ஃபிலிம் கேமராவில் ஷட்டரை அழுத்தும் கணத்தில் அத்தகடுகள் சட்டென்று மூடியாக வேண்டும். நாமோ அபெர்ச்சரை ஒருமுறை வைத்துவிட்டு அப்படியே எடுக்கிறோம். எண்ணெய் கண்ணாடியில் படியாதவரை அத்தகைய லென்ஸை விலை குறைத்துக் கேட்டுத் தயங்காமல் வாங்கலாம்.

இதற்கு மாறாக, ஃபோகஸ் வளையத்தை மிக நுணுக்கமாகச் சோதியுங்கள். லென்ஸைக் கேமராவில் பொருத்தி, திரையில் படத்தைப் பெரிதாக்கி, ஓர் எழுத்தின் மீது ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு வளையத்தைச் சிறிது முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் படம் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளினால், உள்ளிருக்கும் திருகுமறை தேய்ந்துவிட்டது என்று பொருள். புகைப்படத்தில் இது தெரியவே தெரியாது; ஆனால் வீடியோவில் ஃபோகஸை மாற்றும்போதெல்லாம் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். கிரீஸ் இறுகிப்போன வளையமும் அப்படித்தான்: திருப்புவதற்கு வலு கொடுக்கும்போது கேமராவே அசையும். கிரீஸை ஒரு நல்ல மெக்கானிக் மாற்றித் தருவார். தேய்ந்த மறையைச் சரிசெய்வது கடினம்.

நான் பரிந்துரைப்பது அசாஹி பென்டாக்ஸின் சூப்பர் டகுமார் 55 மி.மீ. எஃப் 1.8. அதிகப் புகழ் பெற்ற 50 மி.மீ. எஃப் 1.4ஐவிட விலை குறைவு. வெளிச்சத்தில் இழப்பது முக்கால் ஸ்டாப் அளவுக்கும் குறைவு (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). எஃப் 5.6 உடன் ஒப்பிட்டால் எஃப் 1.8இல் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். முழுக்கத் திறந்தால் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைந்துவிடும் என்பதால், அசையும் கைகளை எஃப் 2.8இல் எடுப்பதே பாதுகாப்பு. அப்போதும் நான்கு மடங்கு வெளிச்சம் உங்கள் கையில் இருக்கும். வளையம் நிதானமாகவும் நீண்ட தூரமும் சுழலும். தரத்தில் இதற்கு நிகரான கைவேலையை இந்த விலையில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. லென்ஸின் மேலுள்ள சிறிய சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் அபெர்ச்சர் முழுக்கத் திறந்தே இருக்கும்.

மூன்று லென்ஸ்கள் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய 28, 35 மி.மீ. லென்ஸ்களில் உங்கள் விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எஃப் 2.8 அல்லது 3.5, கிட் லென்ஸைவிடப் பெரிய ஆதாயம் இல்லை. அந்தப் பணத்தை 0.71 மடங்கு ஃபோகல் ரெடியூசர் அடாப்டரில் போடுங்கள். அது லென்ஸின் பிம்பத்தைச் சுருக்கிச் சென்சாரில் விழச்செய்வதால், 55 மி.மீ. ஏறத்தாழ 39 மி.மீ. போல நடந்துகொள்ளும், கூடவே ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடும். வெற்று அடாப்டர் ஒன்றும் வைத்துக்கொண்டால் ஒரே லென்ஸில் அறைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என இரண்டு பார்வைகள் கிடைத்துவிடும். ஓரங்கள் சற்று மென்மையாக வரும். இருட்டறையில் எடுக்கும் படத்தில் அது குறையாகத் தெரியாது.

சன்னலோரம்:

மேலே நண்பர் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். இருந்தாலும் ஹீலியோஸ் 44-2ஐ அப்படி ஓரங்கட்டிவிடக் கூடாது. சோவியத் நாட்டில் ஜெனிட் கேமராக்களுக்காகச் செய்யப்பட்ட இந்த 58 மி.மீ. எஃப் 2 லென்ஸ், ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் வடிவமைப்பை ஒட்டியது. பின்னணி இலைகளைச் சுழல வைக்கும் அதன் இயல்பைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வீடியோவுக்கு உண்மையில் பயன்படுவது அதன் இரட்டை அபெர்ச்சர் வளையம். ஒரு வளையம் எல்லையைக் குறிக்கும், மற்றொன்று எந்தத் தடக் ஒலியும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்து மூடும். டகுமாரில் ஒவ்வொரு படிக்கும் ஒலி எழும், அது மைக்கில் பதிவாகும், வெளிச்சமும் படிப்படியாகத் தாவும். சன்னல் பக்கமிருந்து தறிக்குக் கேமராவைத் திருப்பும்போது அபெர்ச்சரை மெல்ல மாற்ற விரும்பினால் ஹீலியோஸ்தான் வசதி.

அதன் கண்ணாடியில் பிரதிபலிப்பைத் தடுக்கப் பூசப்பட்ட பூச்சு எளிமையானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சன்னல் சட்டகத்துக்குள் வந்தால் படம் முழுவதும் வெளுத்து, கறுப்பு சாம்பலாகிவிடும். ஒரு லென்ஸ் ஹூட் போட்டாலும், ஒளி நேராகவே உள்ளே வரும்போது அதனால் பயன் குறைவு. பட்டின் நிறம் உங்களுக்கு முக்கியம் என்றால், 1971 முதல் வந்த பன்மடங்குப் பூச்சுள்ள எஸ்.எம்.சி. டகுமாரைத் தேடுவது நல்லது.

தறிமேடை:

இருவருக்கும் மிக்க நன்றி. சன்னல் அடிக்கடி சட்டகத்துக்குள் வரும் என்பதால் டகுமார் பக்கமே மனம் சாய்கிறது. இரண்டு ஐயங்கள் உள்ளன. ஓர் எஸ்.எம்.சி. டகுமார் 55 மி.மீ. விற்பனைக்கு வந்திருக்கிறது, ஆனால் படங்களில் கண்ணாடி மஞ்சளாகத் தெரிகிறது. அதை வாங்கலாமா? பூஞ்சை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பழையகண்ணாடி:

அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணம், கண்ணாடியில் சேர்க்கப்பட்ட தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். வேறு சில 55 மி.மீ. டகுமார்களிலும், பிற்கால 50 மி.மீ. எஃப் 1.4இலும் இது உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். வெயிலில் வைப்பதானால் பின்மூடியைப் போட்டு, காகிதமோ துணியோ அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ மூட்டிவிடும். மஞ்சளை மட்டும் காரணமாகக் காட்டி விலையைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், மற்றபடி வாங்கலாம்.

பூஞ்சைக்கு, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் ஒரே சீராகப் பனி படர்ந்தது போலிருந்தால் அது ஆவிப் படிவு. இருட்டறையில் டியூப் லைட்டைச் சுற்றி ஒளி பரவி, படத்தில் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். இவற்றில் எது இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே நாலைந்து தூசுத்துகள்கள் இருப்பதால் ஒன்றும் ஆகாது. நம் ஊர் ஈரக்காற்றில் சுத்தமான லென்ஸுக்கும் பூஞ்சை வரும் என்பதால், சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு வையுங்கள்.

சன்னலோரம்:

கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள். ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் வண்ணத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கையும் போட்டுக்கொள்ளுங்கள். வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்தால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் டியூப் லைட் படத்தில் துடிக்காது. அந்த ஷட்டரில் வாசலுக்கு வெளியே எடுக்கும்போது வெளிச்சம் மிகுந்துவிடும் என்பதால், 49 மி.மீ. அளவில் ஒரு வேரியபிள் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தை வேண்டிய அளவு குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) தேவைப்படும். பின்னாளில் டகுமார் 105 மி.மீ. எஃப் 2.8 அல்லது 135 மி.மீ. எஃப் 3.5 வாங்கினாலும் அதே ஃபில்டர் அவற்றில் பொருந்தும். உங்கள் கேமராவின் பாடியில் அதிர்வுத் தடுப்பு இல்லாததால், அந்த நீள லென்ஸ்களை டிரைபாடில் மட்டும் பயன்படுத்துங்கள்.

தறிமேடை:

டார்ச்சும் கேமராவும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, எடுத்த காட்சிகளுடன் இதே இழையில் எழுதுகிறேன்.