கல்லடி வீடு: செங்கல் சுவரில் உப்புப் பூக்குது, புதுப் பூச்சும் கழருது. மருந்து ஏத்தலாமா?

வாவிக்கரை:
வணக்கம். வீடு கல்லடியில, கடலுக்கும் வாவிக்கும் நடுவில. 9 அங்குலச் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, 30 வருசத்துக்கு மேற்பட்ட கட்டடம். முன் ஹோலில றோட்டுப் பக்கச் சுவர் 26 அடி. அந்த ஒரு சுவரில மட்டும் தரையில இருந்து 3 அடிக்குப் பெயின்ற் கொப்புளிச்சு, சுரண்டினா மா மாதிரி வெள்ளைத் தூள். போன வருசம் 4 அடிக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, 1:3 சாந்தில வோட்டர்புரூஃப் பவுடரும் கலந்து பூசினது. பத்து மாதம் ஒண்டும் இல்ல. இப்ப தட்டினா உள்ளுக்குப் பொள்ளெண்ட சத்தம், 4 அடிக்கு மேல புதுசா ஒரு ஈரக்கோடு. விடியக்காலையில சுவர் நனைஞ்ச மாதிரி இருக்கும், 11 மணிக்குக் காய்ஞ்சிடும். சுவருக்குள்ள தண்ணிக்குழாய் இல்ல. சுவரில துளை போட்டு ஈரந்தடுக்குற மருந்து ஏத்துறவங்க வந்து விலை சொல்லிட்டுப் போயிருக்காங்க. மாரிக்கு முந்திச் செய்யலாமா?

நிறக்கலவை:
ஈரந்தாங்குற சீலர் ரெண்டு கோட், மேல வெதர் பெயின்ற். முடிஞ்சுது.

மருதூர் சாந்தகப்பை:
முடியாது தம்பி, ஈரம் இன்னும் ரெண்டடி ஏறும். கல்லுக்குள்ள ஏறுற தண்ணி எங்கயாவது காத்தாகி வெளியேறணும். முகத்தை அடைச்சா, அடைக்காத இடம் வரைக்கும் ஏறித்தான் வெளியேறும். 3 அடிக்கோடு 4 அடிக்கு மேல போனது அப்பிடித்தான், அந்த 1:3 பூச்சு செஞ்ச வேலை. தண்ணி போயிடும், உப்பு போகாது. பூச்சுக்குப் பின்னால பளிங்காகிப் பருத்துத் தள்ளும். பூச்சு கல்லை விடக் கடினமெண்டா உடையிறது கல்தான். வேகாத கல்லெண்டா விரலால நோண்டலாம் போல ஆகிடும்.

தூக்குக்குண்டு:
மருந்துக்குக் காசு குடுக்க முந்தி மூண்டு விசயம் பாருங்க.

முதலாவது, வெளிப்பக்கம். சுவரோரமா ஒரு இடத்தில மண்ணைத் தோண்டிப் பூச்சைச் சுரண்டி, ஈரந்தடுப்புப் படை, நம்ம மேசன்மார் டிபிசி எண்டு சொல்றது, எங்க இருக்கெண்டு பாருங்க. அந்தக் காலத்து வேலையில அது 20 மில்லிமீற்றர் தடிப்பான 1:2 சாந்து, மேல சூடான தார், தாருக்கு மேல மண் தூவினது. கறுப்புக் கோடாத் தெரியும். இப்ப இருக்கிற நிலமட்டத்தில இருந்து அது எத்தனை அங்குலம் மேல அல்லது கீழ?

ரெண்டாவது, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில ரெண்டு நாள் ஒட்டிவைங்க. அறைப்பக்க முகத்தில துளி எண்டா காத்து ஈரம். சுவர்ப்பக்கம் துளி எண்டா சுவருக்குள்ள இருந்து வருது.

மூண்டாவதுதான் முக்கியம். 9 மில்லி அலகால கல்லில (சாந்து மூட்டில இல்ல) 1, 2, 3, 4½, 6 அடி உயரங்களில துளை போடுங்க. முதல் ஒரு அங்குலத் தூளை வீசிட்டு, உள்தூளை 10 கிராம் வீதம் தனித்தனியா மூடி எடுங்க. நகை நிறுக்கிற சின்னத் தராசு போதும். ஓவனில 105 பாகையில ரெண்டு மணித்தியாலம் காயவச்சுத் திரும்ப நிறுங்க. மறுகா அதே தூளைத் தட்டில திறந்தபடி ஒரு இரவு வாசலில வச்சு, விடிய மூண்டாந்தரம் நிறுங்க.

வாவிக்கரை:
அண்ணன், பாத்திட்டன். கறுப்புக் கோடு நிலமட்டத்துக்கு 7 அங்குலம் கீழ! றோட்டை உயர்த்தினபோது வீட்டுக்குள்ள வெள்ளம் வரக்கூடாதெண்டு முற்றத்துக்குக் கிரவல் போட்டு நிரப்பினது. பொலித்தீனில சுவர்ப்பக்கம் துளி. தூள் காய்ஞ்ச பிறகு, 1 அடியில 8.7 கிராம், 2 அடியில 8.9, 3 அடியில 9.2, 4½ அடியில 9.5, 6 அடியில 9.9. விடிய 1 அடித்தூள் 0.1 கூடியிருந்தது, 4½ அடித்தூள் 0.5 கூடிட்டுது. இது தலைகீழா இல்லையா?

தூக்குக்குண்டு:
தலைகீழ் இல்ல, சரியான கணக்கு. ஈரம் அடியில 13 சதவீதம், மேல போகப்போகக் குறையுது. அது நிலத்தில இருந்து ஏறுற ஈரம். உப்பு எதிர்ப்பக்கமா மேலதான் கூட, ஏனெண்டா தண்ணி அங்கதான் காத்தாகுது. சோற்றுப்பு காத்தின் ஈரப்பதன் 75 சதவீதம் தாண்டினா தண்ணியை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். இரவில தூள் நிறை கூடினதும், சுவரின் விடியக்காலை ஈரமும் 11 மணிக் காய்ச்சலும் அதுதான். ஏறுற ஈரத்தை நிப்பாட்டினாலும் இந்த உப்பு இருக்கும் வரைக்கும் சுவர் விடியவிடிய வேர்க்கும்.

உங்கட டிபிசி கெட்டுப்போகல. மண்ணும் பூச்சும் அதைத் தாண்டிப் பாலம் போட்டிருக்கு. அதால மருந்து இப்ப வேண்டாம், மண்வெட்டிதான் வேணும்.

சுவரோரமா 1 அடி அகலத்துக்கு, டிபிசிக்கு 6 அங்குலம் கீழ வரும்வரை, அதாவது இப்ப இருக்கிற மட்டத்தில இருந்து 13 அங்குலம் எடுங்க. அதுக்கு முந்தி ஒரு மூலையில அத்திவாரத்தின் அடி எங்கயெண்டு பாருங்க. அதுக்குக் கீழ போகக்கூடாது, கல்லடி மண் சரியிற மண். இப்பிடி வெட்டுற கானுக்கு 1:80 சரிவு, 26 அடிக்கு 4 அங்குலம் விழணும். தண்ணி வெளியேற வழி இல்லையெண்டா மாரியில அது கால்வாயாகிடும், இருந்ததை விட மோசம். வழி இருந்தா ஒன்றரை அங்குலச் சல்லி போட்டு நிரப்பலாம், சீமெந்து பூசி மூடாதீங்க. வெளிப்பூச்சை டிபிசிக் கோட்டில கத்தியால வெட்டின மாதிரி ஒரு அங்குலம் விலக்கிவிடுங்க.

தண்ணி விட வழியே இல்லையெண்டாத்தான் மருந்து. நிலமட்டத்துக்கு 6 அங்குலம் மேல, சாந்து மூட்டில, 12 மில்லித் துளை, 12 சென்ரிமீற்றருக்கு ஒண்டு, ஆழம் 19 சென்ரிமீற்றர். ஒரு துளைக்கு 21 மில்லிலீற்றர் அளவில சிலேன் கிறீம் (கல் தண்ணியை உறிஞ்சாம தடுக்குற மருந்து) பிடிக்கும். 26 அடிக்கு 66 துளை, ஒன்றரை லீற்றருக்குக் கொஞ்சம் குறைய. வந்தவங்க சொன்ன அளவு இதுக்கு மூணு மடங்கெண்டா காரணம் கேளுங்க.

மருதூர் சாந்தகப்பை:
உள்பக்கத்துக்கு நான் சொல்றன். ஈரக்கோட்டுக்கு மேல ஒன்றரை அடி, ஆக 6 அடி வரைக்கும் பூச்சைக் கொத்துங்க. மூட்டை அரை அங்குலம் கீறி எடுங்க. கழுவவே கூடாது, கழுவினா உப்பு கல்லுக்குள்ள திரும்பப் போகும். காய்ஞ்ச நார்த்தூரிகையால தட்டி, கீழ பொலித்தீன் விரிச்சு அள்ளி, வளவுக்கு வெளிய கொட்டுங்க. கிழமைக்கு ஒருதரம். வாவிப்பக்கக் கிணத்துத் தண்ணி உவர், சாந்துக்குக் குழாய்த் தண்ணியே பாவிங்க.

காய்ஞ்ச பிறகு பூச்சு 1 சீமெந்து, 1 நீற்றுச் சுண்ணாம்பு, 6 ஆற்றுமண். 26 அடிக்கு 6 அடி, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடின தடிப்பு: சீமெந்து ஒன்றரைப் பை, சுண்ணாம்பு 25 கிலோ, மண் 11 கன அடி. வோட்டர்புரூஃப் பவுடர் ஒரு கரண்டியும் வேண்டாம். பூச்சு தரையைத் தொடக்கூடாது, முக்கால் அங்குலம் விட்டு மரச் சட்டம் மறைக்கட்டும். முதல் வருசம் சுண்ணாம்பு மட்டும் அடிங்க. முந்தி இந்தக் கரையில முருகைக்கல் சுட்ட சுண்ணாம்புதான். இப்ப முருகைக்கல் எடுக்கத் தடை, பையில வாறதைப் பாவிங்க.

அக்கரைப்பற்று மதில்:
இடையில ஒரு சந்தேகம். சீமெந்துக்கல் மதில், புதுசு, முழுக்க வெள்ளை. கடல்மண்ணா இருக்குமோ?

தூக்குக்குண்டு:
வினாகிரி ஒரு துளி விடுங்க. நுரைச்சா சீமெந்தில இருந்து வந்த சுண்ணாம்பு, ஒண்டு ரெண்டு மழைக்காலத்தில குறையும். நுரைக்காம நாக்கில கரிச்சா உப்பு. உறுதியாத் தெரிய, தூளைக் காய்ச்சி வடிச்ச தண்ணியில கரைச்சு வடிகட்டி, பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி. தயிர் மாதிரித் திரைஞ்சா குளோரைட். அப்பிடியெண்டா மதிலை விட, அதே மண்ணில வார்த்த தூணுக்குள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்குதா எண்டு பாருங்க.

வாவிக்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. கானுக்குப் பின் ஒழுங்கைப் பக்கம் வழி இருக்கு. இப்ப ஆவணி. எப்ப பூசலாம்? தையில வீட்டில கலியாணம், ஹோல் சுவர் செங்கல்லாக் கிடந்தா அம்மா விடமாட்டா.

தூக்குக்குண்டு:
சுவர் காய ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம், 9 அங்குலத்துக்கு 9 மாதம். மாரி இடையில வாறதால அடுத்த ஆனிக்கு முந்தி வேண்டாம். அதுவும் 1 அடித்தூள் 5 சதவீதத்துக்குக் கீழ வந்த பிறகுதான்.

மருதூர் சாந்தகப்பை:
கலியாணத்துக்கு 1:3 சுண்ணாம்பு மண் சாந்து மட்டும், சீமெந்து இல்லாம, அரை அங்குலம் பூசி வெள்ளையடிங்க தம்பி. ஐப்பசிக்குள்ள பூசினாத்தான் இறுகும். அது உப்பைத் தன்னில இழுக்கும், தையில கொஞ்சம் உதிரும், பரவாயில்ல. ஆனியில அதைக் கொத்திக் கொட்டினா சுவரின் உப்பிலயும் ஒரு பங்கு அதோட போகும். அம்மாவிட்ட அது தற்காலிகப் பூச்செண்டு முதலே சொல்லிவைங்க.